உத்தரவு கிடைக்காத உயில்

சரஸ்வதியம்மாள் எதையும் நாளைக்கு என்று தள்ளிப்போடுகிறவள் இல்லை. ஏப்ரல் பிறந்த பத்து நாளுக்குள் வில்லேஜ் ஆபீசில் நிலத்துக்குக் கரம் என்கிற வரியைக் கட்டி ரசீதை வாங்கிவிடுவாள். கேஸ் சிலிண்டர் கனமாக இருக்கும்போதே அடுத்ததற்குப் பதிவு செய்துவிடுவாள். மகள் யோகப்பிரியாவின் பிரசவத்துக்கு, டாக்டர் சொன்ன தேதிக்கு ஒரு மாதம் முன்னாலேயே பொள்ளாச்சிக்குப் போய் உட்கார்ந்துகொண்டு சம்பந்தி வீட்டாரை மிரள வைத்தவள். மாவு புளிக்கும்வரை இவளுக்குப் பொறுக்காது என்று அவள் கணவர் ஆறுச்சாமி கேலி பேசுவார். அப்பேர்ப்பட்டவள் வாழ்க்கையில் ஒரே ஒரு காரியத்தைத் தள்ளிப்போட்டாள். சோம்பலால் அல்ல. யோசித்து, தன் கையாலேயே, இரண்டு முறை. அதைத்தான் இந்த அறுபத்திரண்டாவது வயதில் சுமந்துகொண்டு திரிகிறாள்.

வேலந்தாவளத்தில் பிறந்து, பத்தொன்பது வயதில் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே ஆறுச்சாமியின் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். ரேஷன் கார்டு மலையாளத்தில், சண்டை சச்சரவு தமிழில் என்று ஓடுகிற எல்லையோர ஊர். நாலரை ஏக்கர் நிலம். அதில் தென்னை பாதி, மற்றது நெல்லும் தீவனப் புல்லும். அந்த நாலரையில் கண்ணுக்குக் கண்ணான துண்டு வாய்க்கால்மேட்டுக் காடு என்கிற ஒன்றரை ஏக்கர். கோடையிலும் கிணற்றில் தண்ணீர் நிற்கும், தார் ரோடு வாசலில் வந்து நிற்கும். அந்தக் காட்டில் ஓடு வேய்ந்த ஒரு சாளையும் பதினோரு மாடு நிற்கிற கட்டுத்தரையும் இருந்தன. அங்கேதான் ஆறுச்சாமியின் தங்கை சந்தனம் குடியிருந்தாள்.

சந்தனத்தின் கதை பெரிய கதை இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நகை போட்டுக் கட்டிக்கொடுக்கும் பெண், தாலி ஏறும் முன்பே பக்கத்துச் சித்தூர் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய், பூர்வீகச் சொத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுத் தந்துவிட வேண்டும். ஒழிமுறி என்று அதற்குப் பெயர். சந்தனமும் இருபது வயதில் போட்டாள். போட்டு இரண்டு வருஷம் ஆவதற்குள் புருஷன் வேறொருத்தியோடு போய்விட, ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்து நின்றாள். நகை போன இடம் தெரியவில்லை. கையெழுத்து மட்டும் ஆபீசில் பத்திரமாக இருந்தது.

வந்தவள் அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. மூன்றாம் நாளே வாய்க்கால்மேட்டுக் காட்டில் ஒரு கிடாரிக் கன்றைக் கொண்டுபோய்க் கட்டினாள். முப்பத்தாறு வருஷத்தில் அது பதினோரு மாடானது. இரண்டு வேளையும் மொபெட்டின் இரண்டு பக்கமும் கேனைத் தொங்கவிட்டுக்கொண்டு பால் சொசைட்டிக்குப் போவாள். பாலில் தண்ணீர் கலந்தவனை வரிசையில் வைத்தே கிழி கிழி என்று கிழிப்பாள். யாரிடமும் ஒரு வாய் காபிக்குக் கடன்படாதவள். ஆனால் காலடியில் இருந்த மண் மட்டும் அவளுடையது இல்லை.

ஆறுச்சாமிக்கு அது உறுத்தாமல் இல்லை. "அந்தக் காடு சந்தனத்துக்குத்தான். எழுதி வெச்சர்றேன்" என்று இருபது வருஷமாகப் பொங்கலுக்குப் பொங்கல் சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் ரீசர்வே முடியட்டும் என்றார். பிறகு மகள் கல்யாணம். அது முடிந்ததும் மகன் பூபதிராஜாவின் கல்யாணம். பிறகு கொரோனா வந்தது. அது போனதும், அது போன சந்தோஷத்திலேயே இரண்டு வருஷம் ஓடிப்போனது. அதற்கப்புறம் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். கோயமுத்தூரில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, ஈரத்துண்டோடு நின்றபடியே மனைவியிடம் சொன்னார்.

"சரசு, இனி நாம பொறுக்கறது சரியில்ல. சந்தனத்துக்கு எழுதி வெச்சரோணும். திங்கக்கெழம சித்தூரு போலாம்."

எழுதி வைப்பது என்ற பேச்சே அவளுக்கு ஆகவில்லை. சாவைப் பற்றிப் பேசப் பயப்படுகிற ஊர் இல்லை இது. இழவு வீட்டிலேயே வெற்றிலை மென்றுகொண்டு, அடுத்தது யார் என்று சிரித்துப் பேசுவார்கள். எழுதுவதுதான் ஆகாது. எழுதினால் எமனுக்கு விலாசம் கொடுத்த மாதிரி. சரஸ்வதியம்மாளுக்கு அது வெறும் பேச்சும் இல்லை. அவளுடைய அப்பாவிடம் சித்தப்பா ஒரு புதன்கிழமை உயிலில் கைநாட்டு வாங்கினார். வெள்ளிக்கிழமை பாடை கட்டினார்கள். கையெழுத்து வாங்கி அனுப்பிவைத்துவிட்டார்கள் என்று ஊரே பேசியது. அவர் மூன்று மாதமாகக் கஞ்சிகூட இறங்காமல் கிடந்தார் என்பதை ஊரும் மறந்தது, அவளும் மறந்தாள்.

இருந்தாலும் கூடப் போனாள். ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரே ஜின்சி என்கிற பெண் ஆதாரம் என்கிற பத்திரம் எழுதிக் கொடுக்கிறாள். அவள் அப்பா வைத்திருந்த லைசென்ஸ், அவளுக்கு வந்த தொழில். சொன்னதைக் கேட்டு, கம்ப்யூட்டரில் தட்டி, அரைமணியில் இரண்டு பக்க உயிலை எடுத்து நீட்டினாள். உயிலுக்கு அவள் பேச்சில் ஒஸ்யத்து என்று பெயர்.

"இத்தறதான் சார். தேதி போட்டு ஒரு ஒப்பு, ரெண்டு சாட்சி. ஒஸ்யத்துக்குப் பதியணும்னு கூட நிர்பந்தம் இல்ல. சாட்சிக்கு ஆளை நான் விளிக்கறேன், இன்னிக்கே முடிச்சிரலாம்."

சரஸ்வதியம்மாள் முகத்தைப் பார்த்துவிட்டு ஜின்சி சிரித்தாள். "அம்மே, ஒஸ்யத்து எழுதினா மரிச்சுப் போவாங்கன்னு பேடியா? என் அப்பச்சன் எழுதிக் கொடுத்த ஒருத்தர் இப்பவும் வந்து அஞ்சாவது தடவை மாத்தி எழுதிட்டுப் போறார். பெத்த மக்களை மாத்தி மாத்திப் பயமுறுத்தறதுக்கே அவருக்கு ஆயுசு நீளுது."

ஆறுச்சாமி சிரித்தார். பேனாவைக்கூட எடுத்துவிட்டார். எடுத்தவர் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். "நாள் பாக்காம எப்புடிங்க?" என்றார்.

அங்கேதான் சிக்கியது. நல்ல நாளில் போய்ச் சாவுக் காரியத்தை எழுதலாமா? கூடாது. கெட்ட நாளில் தங்கைக்குச் சொத்து எழுதலாமா? அதுவும் கூடாது. அப்படியானால் எந்த நாளில்தான் உயில் எழுதுவது? பஞ்சாங்கத்தில் கல்யாணத்துக்கு நாள் இருக்கிறது, கிணறு வெட்ட நாள் இருக்கிறது, மாடு வாங்கவும் நாள் இருக்கிறது. உயிலுக்கு என்று ஒரு வரி கிடையாது. ஆறுச்சாமி காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"அங்காளம்மங்கிட்டப் பூக் கேட்டுரலாம். ஆத்தா உத்தரவு குடுத்தா எந்த நாளும் நல்ல நாளுதான்" என்றார். ஜின்சி அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அவளுக்கு இந்தக் கிழக்குப் பக்கத்து ஆட்களைப் பழக்கம்.

பூக் கேட்காமல் ஆறுச்சாமி போர்வெல்கூடப் போட்டதில்லை. மகளின் ஜாதகத்தை எடுத்ததும் பூக் கேட்டுத்தான். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒரு பொட்டலத்தில் சிவப்பு. ஒரே மாதிரி வாழையிலைக் கிழிசலில் கட்டி அம்மன் காலடியில் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இப்போது வேண்டாம் என்று அர்த்தம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, அப்படியே கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும். பொட்டலம் கட்டுவது வீட்டுப் பெண்ணின் வேலை. கிணற்றடியில் தலைக்குக் குளித்து, ஈரத்தலையோடு, ஒருவர் கண்ணிலும் படாமல் கட்ட வேண்டும்.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சரஸ்வதியம்மாள் கிணற்றடியில் உட்கார்ந்தாள். முன்னால் நந்தியாவட்டை கொஞ்சம், செவ்வரளி கொஞ்சம். அவள் கண்ணுக்கு அப்பாவின் கட்டைவிரல்தான் தெரிந்தது, மையோடு. வெள்ளை வந்தால் இவர் கையெழுத்துப் போடுவார். போட்டால் போய்விடுவார். ஒரு பொட்டலத்தில் செவ்வரளியை வைத்துக் கட்டினாள். இன்னொன்றிலும் செவ்வரளியை வைத்துக் கட்டினாள். நந்தியாவட்டையை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஆறுச்சாமி எடுத்தார். கோயில் பண்டாரம் பிரித்துக் காட்டினார். சிவப்பு.

அவர் முகம் தொங்கிப்போனது. வரும் வழியில் வாய்க்கால்மேட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தார். பிறகு, "அஞ்சாறு மாசம் கழிச்சுத்தான் மறுக்காக் கேக்கோணும். அதுவரைக்கும் சந்தனத்துக்கு இதெல்லாம் தெரிய வேண்டாம், சரசு. ஆத்தாளே உனக்கு வேண்டாம்னு சொன்ன மாதிரி நெனச்சுக்குவா. பேப்பரைக் கையில குடுக்கறப்பச் சொல்லிக்கலாம்" என்றார். மனைவி தலையை ஆட்டினாள். அவ்வளவு நல்ல மனுஷனை ஏமாற்றிவிட்டோமே என்று அப்போதே குத்தியது. உயிரோடு நடந்து வருகிறாரே என்கிற சந்தோஷம் அந்தக் குத்தலை அமுக்கிவிட்டது.

ஆறு மாதமும் ஆறுச்சாமி நன்றாகத்தான் இருந்தார். தேங்காய் போட்டார், களத்தில் நின்று சத்தம் போட்டார், லீவுக்கு வரும் மருமகள் இந்து வைத்த மீன்குழம்பைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். தான் செய்ததுதான் அவரைக் காப்பாற்றுகிறது என்று சரஸ்வதியம்மாள் நம்பவே ஆரம்பித்துவிட்டாள். ஆவணி வந்தது. மறுபடியும் பூக் கேட்கலாம் என்றார். இந்தத் தடவை ஒழுங்காகக் கட்டிவிடுவது, ஆத்தா விட்ட வழி என்று அவள் மனதைத் தேற்றி வைத்திருந்தாள்.

முந்தின நாள் மத்தியானம் பூபதிராஜா போன் செய்தான். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். வாடகை வீடு அலுத்துவிட்டதாம். "வாய்க்கால்மேட்டுக் காட்டுல ரோட்டோரமா ஒரு ஊடு கட்டலாம்னு ஒரு யோசனைங்கம்மா. அத்தையோட கட்டுத்தரைய சித்த அக்கட்டால தள்ளிக்கிட்டாப் போதும். சும்மா கேட்டேன், அப்பாகிட்ட இப்பச் சொல்லாதீங்க" என்றான்.

மறுநாள் கிணற்றடியில் அவள் கை நந்தியாவட்டைக்குப் போனது. ஒரு பூவை எடுத்தும் விட்டது. அந்தப் பூவைத் திருப்பி வைத்துவிட்டு அரளியை எடுத்தது. முதல் தடவை பயம் என்று அவள் யாரிடமும் சத்தியம் செய்வாள். இரண்டாம் தடவைக்கு அப்படிச் சத்தியம் செய்ய மாட்டாள். பயமும் இருந்தது. மகன் கட்டப்போகிற வீட்டின் வாசற்படியும் கண்ணுக்குத் தெரிந்தது. எது முன்னால் நின்றது, எது பின்னால் நின்றது என்று இன்றைக்கும் அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சிவப்புதான் வந்தது. "ஆத்தாளுக்கு ஏனோ மனசில்ல" என்றார் ஆறுச்சாமி. "தையில பாக்கலாம்."

தை வரைக்கும் அவர் இல்லை. ஐப்பசி முதல் வாரம், பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ சொன்னார். டீ வந்தபோது அவர் போய்விட்டிருந்தார். ஒரு தாளிலும் கையெழுத்துப் போடாமலேயே போனார்.

சந்தனம் தலைமாட்டில் உட்கார்ந்து, பிணத்தை எடுக்கும்வரை ஓயாமல் அழுதாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தமெல்லாம் கலைந்தபிறகு சமையலறை வாசலில் வந்து நின்றாள். அண்ணியை அவள் நங்கை என்றுதான் கூப்பிடுவாள்.

"நங்கை, கேக்கறனேன்னு நெனச்சுக்காதீங்க. அண்ணன் ஏதாச்சும் எழுதி வெச்சிருக்குதுங்களா?"

சரஸ்வதியம்மாள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, "இல்லையே, அம்மிணி" என்றாள். சொன்னது பொய் இல்லை. கையெழுத்தில்லாத காகிதம் உயிலாகுமா? ஆனால் அந்த இரண்டு பக்கமும் பீரோவில், கரம் கட்டின ரசீதுகளுக்கு அடியில்தான் கிடந்தன. எடுத்துக் காட்டியிருக்கலாம். காட்டினால், ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்து அவள் பாத்திரத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இருவது வருசமா எழுதறேன் எழுதறேன்னு சொல்லி என்னை ஏமாத்திப் போட்டுதுங்களே, நங்கை" என்றாள் சந்தனம். அவ்வளவுதான். சத்தம் போடவில்லை, மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கப்புறம் அண்ணன் என்கிற சொல் அவள் வாயில் வரவில்லை. அமாவாசைக்கு அமாவாசை ஆறுச்சாமிக்குப் படையல் வைக்கும்போது கூப்பிட்டு அனுப்பினால், மாடு கன்று போடுகிற நேரம் என்பாள். எத்தனை மாடுதான் அமாவாசையாகப் பார்த்துக் கன்று போடும்? வீட்டுக்கு வர நேர்ந்தால் மாலை போட்ட படத்துக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் சரஸ்வதியம்மாளுக்குச் சோறு இறங்காது. செத்த மனுஷன் வாயைத் திறந்து சொல்ல முடியாது என்கிற தைரியத்தில், தன் பழியை அவர் தலையில் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். எதையும் நாளைக்கு என்று தள்ளாதவள், இதையும் ஒன்பது மாதம் தள்ளினாள்.

வாரிசு சர்டிபிகேட் கைக்கு வந்ததும் பிள்ளைகள் பேச உட்கார்ந்தார்கள். பங்கு மூன்று: அம்மா, மகன், மகள். வீடு கட்டுகிற யோசனை அதற்குள் மாறிவிட்டிருந்தது. வாய்க்கால்மேட்டுக் காட்டைக் குடோன் கட்டக் கேட்டு ஒரு பார்ட்டி வந்திருக்கிறது என்றான் பூபதிராஜா.

"அப்ப அத்தை?" என்றாள் அம்மா.

"அத்தைய நாம உட்ருவமா? இங்க மாடி ரூம ஒதுக்கிக் குடுத்தர்லாம். அறுவது வயசாகப்போகுது. மாட்டையெல்லாம் வித்துட்டு நிம்மதியா ஒக்காந்து சாப்பிடட்டுமே."

அவன் கெட்டவன் இல்லை. அத்தைக்கு ஒரு ஆபத்து என்றால் முதல் ஆளாக ஓடுவான். யோகப்பிரியாவும் அத்தை இருக்கிற வரைக்கும் நம்ம பொறுப்பு என்றுதான் சொன்னாள். ஆனால் முப்பத்தாறு வருஷம் தன் கையை ஊன்றி நின்றவளை மாடியறையில் உட்காரவைத்துச் சோறு போடுவது நிம்மதி இல்லை என்பது அந்த வயதுக்குத் தெரியாது. சந்தனத்திடம் சொன்னபோது, "எப்ப ஓட்டிட்டுப் போகோணும்னு சொல்லீருங்க" என்று மட்டும் கேட்டாளாம். அடுத்த வாரமே இரண்டு கறவையை விற்றுவிட்டாள். பதினொன்று ஒன்பதானது. வாய்க்கால் மேட்டில் நின்று அந்த இரண்டு காலி முளைக்குச்சியைப் பார்த்த அன்றைக்குத்தான் சரஸ்வதியம்மாளுக்கு ரோஷம் வந்தது, தன்மேலேயே.

"எம் பங்குக்கு அந்தக் காடுதான் வேணும். வீடும் தென்னந்தோப்பும் நீங்க பிரிச்சுக்குங்க" என்றாள் பிள்ளைகளிடம். முறுமுறுத்தார்கள். சம்மதித்தார்கள். பாகம் பிரித்து எழுதி முடித்தார்கள். அம்மா காட்டை அப்படியே வைத்துக்கொள்வாள், பின்னால் நமக்குத்தானே வரும் என்று நினைத்திருப்பார்கள். ஆடி பிறந்ததும், அதைச் சந்தனத்துக்கு இப்போதே தானமாக எழுதப் போகிறேன் என்றபோதுதான் பூபதிராஜா பதறிக்கொண்டு ஜின்சியின் ஆபீசுக்கு வந்தான்.

"ஆடி மாசத்துல யாராச்சும் ஆதாரம் எழுதுவாங்களா? அதுமில்லாம இப்பவே எதுக்குங்கம்மா? உங்க காலத்துக்கு அப்பறம் அத்தைக்குன்னு உயிலா எழுதி வெச்சாப் போதாதுங்களா? அத்தைக்கும் ஒரு தைரியம், உங்களுக்கும் கையில ஒரு பிடி."

ஜின்சியும், "அதும் நல்ல வழிதான் அம்மே, எப்ப வேணும்னாலும் மாத்தலாம்" என்றாள்.

எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்கிற அந்த வார்த்தைதான் அவளைப் பயமுறுத்தியது. தன் கையை அவளுக்குத் தெரியும். "அப்பறம் அப்பறம்னு இந்த ஊட்ல சொன்னதெல்லாம் போதும், சாமி. நாளும் பாக்க வேண்டாம், பூவும் கேக்க வேண்டாம். நாளைக்கே எழுதீரு, ஜின்சி" என்றாள்.

மகன் வெளியே போனதும் ஜின்சி குரலைத் தாழ்த்தினாள். "சார் அன்னிக்கு எழுதின டிராஃப்ட் என் கம்ப்யூட்டர்ல இப்பவும் கிடக்குது. சந்தனம் சேச்சிக்குத் தெரியுமோ?"

"தெரியாது. நீ சொல்லீராத" என்றாள் சரஸ்வதியம்மாள்.  ஜின்சி தலையை ஆட்டிவிட்டுக் கீபோர்டுக்குத் திரும்பினாள்.

ஆடி என்பதால் ரிஜிஸ்டர் ஆபீஸ் காலியாகக் கிடந்தது, பத்தரைக்குப் போய்ப் பன்னிரண்டுக்குள் முடிந்துவிட்டது. ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவள் வாங்கிய புகழ் கொஞ்சநஞ்சம் இல்லை. சாட்சி போட வந்த பக்கத்துத் தோட்டத்துச் சிவப்பிரகாஷ், "நாத்தனாருக்கு ஒண்ணரை ஏக்கரைத் தூக்கிக் குடுத்த மகராசி இந்தத் தாலூக்காவுலயே கெடையாதுங்க" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னார். கிளார்க்கு எழுந்து நாற்காலி போட்டார். முன்பின் தெரியாத ஒரு அம்மா வந்து அவள் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒவ்வொரு புகழுக்கும் அவளுக்கு உடம்பு கூசியது. திருடிய பொருளைத் திருப்பித் தருகிறவளுக்கு மாலை போடுகிறார்களே, நாம் வாயை மூடிக்கொண்டு நிற்கிறோமே என்று நினைத்தாள். நின்றாள், வாயையும் மூடிக்கொண்டுதான் நின்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து சீட்டு. சந்தனம் ரசீதைப் புது ஜாக்கெட்டுக்குள் செருகி வைத்திருந்தாள். நல்லேப்பிள்ளி தாண்டியதும் அண்ணியின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படித் தொட்டதில்லை.

"கூடப் பொறந்தது என்னைய ஏமாத்திட்டுப் போச்சு. எங்கிருந்தோ வந்த நீங்க குடுத்தீங்க. ரத்தமாவது ஒண்ணாவது, நங்கை."

சரஸ்வதியம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காட்டைக் கொடுத்ததால் தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தாள். தீரவில்லை. மண்ணைக் கொடுத்து, அந்த மனுஷனின் நல்ல பேரைத் தன் பேரில் எழுதி வாங்கிக்கொண்டு வருகிறாள். இதை இன்றைக்குச் சொல்லாவிட்டால் இனி எந்த நாளும் வராது என்று அவளுக்குத் தெரிந்தது. இறங்குகிற இடத்தில் இறங்காமல், "நானும் காட்டுக்கு வாறேன்" என்றாள்.

மணி இரண்டரை. மாடுகள் கறவைக்கு நேரமாகிறது என்று கத்திக்கொண்டிருந்தன. சந்தனம் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கறவைக்கு உட்காரும் முன், அண்ணியின் காலைத் தொடக் குனிந்தாள். சரஸ்வதியம்மாள் சட்டென்று பின்னால் நகர்ந்தாள்.

"தொடாத, சந்தனம். நான் சொல்றதக் கேட்டுட்டு அப்பறம் தொடறதுன்னாத் தொடு."

சந்தனம் நிமிர்ந்தாள்.

"உங்க அண்ணன் உன்னைய ஏமாத்தல. சித்தூருக்குப் போயி எல்லாம் எழுதி வாங்கி வெச்சிருந்தாரு. கையெழுத்து மட்டுந்தான் பாக்கி. நாள் பாக்கோணும்னு ஆத்தாகிட்டப் பூக் கேட்டாரு. உனக்குச் சொல்ல வேண்டாம்னாரு, கையில குடுக்கறப்பச் சொல்லிக்கலாம்னு." கட்டுத்தரைத் தூணைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு பொட்டலத்துலயும் செகப்பு வெச்சுக் கட்டுனது நானு."

"என்ன சொல்றீங்க, நங்கை?"

"தையில ஒருக்கா. ஆவணியில ஒருக்கா. ரெண்டு தடவையும் ரெண்டு பொட்டலமும் செகப்பு."

சந்தனம் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள். "எதுக்குங்க?"

அப்பாவின் கைநாட்டைச் சொன்னாள். எழுதினால் போய்விடுவார் என்று பயந்ததைச் சொன்னாள். அதோடு நிறுத்தியிருந்தால் பாதி மன்னிப்பாவது கிடைத்திருக்கும். நிறுத்தவில்லை. "மொதத் தடவ அதுதான். ரெண்டாந் தடவைக்கு முந்தின நாள் பூபதி இங்க ஊடு கட்டறேன்னு கேட்டான். அதுவும் மனசுல இருந்துது. இல்லைன்னு நான் எப்புடிச் சொல்லுவேன்?"

கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்து நின்றாள். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். சந்தனம் அவளைப் பார்க்கவே இல்லை. கட்டுத்தரைக் கல்லில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"அப்ப அண்ணன் போச்சுங்களா? எனக்காகக் கோயிலுக்குப் போச்சுங்களா?"

"ரெண்டு தடவ போனாரு."

"செகப்பு வந்தப்ப என்ன சொல்லுச்சு?"

"ஆத்தாளுக்கு மனசில்ல, தையில பாக்கலாம்னாரு. அவுரு முகமே செத்துப்போச்சு, அம்மிணி."

 ஒன்பது மாதமாக அண்ணன் என்று சொல்லாத சந்தனத்தின் வாய் அந்தச் சொல்லை இரண்டு மூன்று தரம் தனக்குள் சொல்லிப் பார்த்தது. பிறகு அவள் பேசியபோது குரல் அவளுடையதாகவே இல்லை.

"ஒம்பது அமாவாசைங்க, நங்கை. ஒரு அமாவாசைக்காச்சும் அண்ணனுக்குன்னு ஒரு பிடி சோறு நான் வெக்கலைங்களே. வெய்யிலும் மழையுமா வந்து நின்னு பாத்துட்டுப் போயிருக்குமே."

சரஸ்வதியம்மாள் பக்கத்தில் போய் உட்காரப் போனாள். சந்தனம் கையை நீட்டித் தடுத்தாள். கோபத்தில் நீட்டிய கை இல்லை அது.

"நீங்க போங்க. எங்க அண்ணங்கூட நான் சித்த நேரம் பேசோணும்."

சரஸ்வதியம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். வாய்க்கால் மேட்டைத் தாண்டும்வரை பின்னாலிருந்து சந்தனத்தின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அழுகையும் பேச்சுமாக அவள் சொன்னதில் சரஸ்வதியம்மாளுக்கு ஒரு சொல்கூட இல்லை, ஒரு திட்டுகூட இல்லை.